உன் கைக்கு அளவெடுத்த காப்பு

அக்கா,

சவர்க்கார நுரையும் தேங்காய் எண்ணெயும் கலந்தால் ஒரு மணம் வரும். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த மணம் ஆஸ்பத்திரி வாட்டில் என் மூக்கில் ஏறியது. என் மகளின் மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தாதி ஒருத்தி அவளுடைய கையை மடியில் வைத்து, எண்ணெய் பூசி, அதன்மேல் சவர்க்காரம் தேய்த்து, உன் காப்பைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பு பெருவிரல் மூட்டுவரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அசையவில்லை.

“ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போக முன்னம் நகையெல்லாம் கழட்ட வேணும், அம்மம்மா. இது கழராட்டி வெட்டத்தான் வேணும்” என்றாள் தாதி.

பேத்திக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் இரத்தப் பிறசர் ஏறிவிட்டது. வயிற்றில் பிள்ளையின் வளர்ச்சி போதாது. இனிப் பொறுத்தால் இரண்டு உயிருக்கும் கூடாது என்று, பிள்ளையை வெட்டி எடுக்க முடிவு செய்திருந்தார்கள். நான் எழும்பி வெளியே வந்து விறாந்தையில் கிடந்த கதிரையில் இருந்தேன். அங்கே இருந்துகொண்டுதான் உன்னோடு கதைக்கத் தொடங்கினேன். வாயால் கதைத்தால் கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

உன் காப்பு என்றுதான் இன்றும் எனக்கு வாயில் வருகிறது. உன் கையில் அது கிடந்தது இரண்டு வருடம்கூட இல்லை. என் கையில் ஒரு ஆயுள் கிடந்தது. இடம்பெயர்ந்து ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் மற்ற நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. இதை மட்டும் நான் விற்கவில்லை. பெரியம்மாவில் அம்மாவுக்கு அவ்வளவு பாசம் என்று மகள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது என்னுடைய பொருள் என்று ஒருநாளாவது தோன்றியிருந்தால் விற்றுத்தான் இருப்பேன்.

நமக்குள் வயதில் பெரிய இடைவெளி இல்லை. அக்கா என்று கூப்பிட்டாலும் நீ, வா, போ தான். ஆனால் அந்தச் சின்ன இடைவெளிக்குள் நீ எல்லாவற்றையும் முதலில் எடுத்துக்கொண்டாய். உனக்குத் தைத்த சட்டை அடுத்த தைப்பொங்கலுக்கு எனக்கு வரும். உன் பள்ளிக்கூடப் புத்தகம் உன் கையெழுத்தோடு வரும். உன் கலியாணத்துக்கு அப்பா தட்டாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, உன் கையை நூலால் அளந்து, இந்தக் காப்பைச் செய்வித்தார். நானும் கையை நீட்டினேன். “உனக்குப் பிறகு, பிள்ளை” என்றார். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லோடுதான் நான் வளர்ந்தேன்.

நீ கலியாணம் முடித்து வன்னியில் கண்டாவளைப் பக்கம் போனாய். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற காணி, சொந்தமாக நெல், இரண்டு பசு, ஒரு கிடுகு வீடு. எங்கள் யாழ்ப்பாணத்து ஊரிலோ கிணற்றுத் துலாவில் இறைத்த தண்ணீரை ஒவ்வொரு மிளகாய்க் கன்றுக்கும் கணக்குப் பார்த்து விட வேண்டும். வன்னிக்குப் போகிறவர்களைப் பற்றி அங்கே எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. காய்ச்சல் பிடித்து, வயிறு ஊதி, கை கால் சூம்பித்தான் திரும்பி வருவார்கள் என்பார்கள். நீ அப்படி வருவாய் என்று அம்மா அழுதா. நான் அழவில்லை. கொஞ்சம் சூம்பினால் என்ன என்று நினைத்தேன்.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. அந்த வருடம் அம்மா கிணற்றடியில் விழுந்து கால் முறிந்து படுக்கையில் கிடந்ததால், உனக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். பரந்தனில் பஸ்ஸால் இறங்கியதும் அத்தான் வண்டிலோடு நின்றார். வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. சூம்பியவளைப் பார்க்க வந்தவள் நான். நீயோ முகம் பூரித்து, கன்னம் மினுங்கி, கை கால் எல்லாம் திரண்டு நின்றாய். ஏழு மாத வயிறு. உன் கழுத்துக்கூட வேறொருத்தியின் கழுத்துப் போல இருந்தது.

அத்தானின் தாய், உன் மாமி, பெருமையோடு சொன்னா: “என்ன பாக்கிறாய் பிள்ளை? கொக்கைத் தடியாட்டம்தானே உங்கட வீட்டால வந்தவள். இப்ப வன்னித் தண்ணி பிடிச்சிட்டுது.”

அந்தக் குடியேற்றத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு இப்போது ஒருவருக்கும் விளங்காது. காட்டை வெட்டி வந்து இருந்த சனங்கள். வந்தவர்களில் யார் கொழுக்கிறார்கள், யார் மெலிகிறார்கள் என்பதில்தான் அவர்களுடைய வெற்றியும் தோல்வியும் இருந்தது. உன் உடம்பு கொழுத்தால் காணி கைகொடுத்துவிட்டது என்று அர்த்தம். அயலில் இருந்தவர்கள் வந்து உன் காலை அமத்திப் பார்ப்பார்கள். விரல் பட்ட இடம் குழி விழுந்து, மெதுவாக நிரம்பி வரும். அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவருக்கும் பயம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. “அக்கா நல்லாய்க் கொழுத்துவிட்டா. நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை” என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டேன்.

மாமிக்கு என் கண்ணைப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உன்னைக் கிழக்குப் பார்த்து இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்து உன் தலையைச் சுற்றுவா. “ஊர்க் கண், உறவுக் கண்” என்று சொல்லிக்கொண்டு வந்து, உறவு என்ற இடத்தில் என்னைப் பார்ப்பா. பிறகு அடுப்பில் போடுவா. மிளகாய் வெடித்து எல்லாருக்கும் இருமல் வரும். எனக்குக் காது சுடும். நீ அதைக் கண்டுவிட்டாய். “மாமி, இவளுக்கும் ஒருக்காச் சுத்துங்கோ. இவளும் வடிவுதானே” என்று சிரித்தாய். உன்னில் எனக்குப் பிடிக்காததே அதுதான். ஒரு முறையாவது என்னோடு எரிந்து விழுந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அத்தான் கிளிநொச்சிக்குப் போய்வந்தால் உனக்குத் தோடம்பழ இனிப்பு வாங்கி வருவார். சால்வைத் தலைப்பில் முடிந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் குசினிப் படியில் வைத்துவிட்டுப் போவார். நீ அவரை “இஞ்சாருங்கோ” என்று கூப்பிடுகிற தொனியில் ஒரு சொந்தம் இருந்தது. எனக்கு அத்தானைப் பிடிக்கும். இந்த வயதில் அதை மறைத்து என்ன காணப்போகிறேன்? அவரைப் பறிக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. அப்படி ஒருவர் எனக்கும் இனிப்பு முடிந்து வர வேண்டும் என்று நினைத்தேன். வேறு யாரையும் கண்டிராத எனக்கு அந்த ஒருவருக்கும் அத்தானின் முகம்தான் இருந்தது.

வைகாசியில் அம்மன் கோவில் பொங்கல் வந்தது. பொங்கலுக்குக் காப்பைக் கையில் போட்டுக்கொண்டு போகத் தருகிறேன் என்று நீயாகவே சொல்லியிருந்தாய். அன்று காலை கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு எண்ணெய் பூசினாய். சவர்க்காரம் தேய்த்தாய். காப்பு அசையவில்லை.

“கழருதில்லையடி. பொறு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் கொண்டு வா.”

கொண்டு வந்தேன். நீ பல்லைக் கடித்து இழுத்தாய். பெருவிரல் அடி சிவந்து கன்றியது. நான் உன் கையைப் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தர மனமில்லாமல் நடிக்கிறாய் என்றே நினைத்தேன். போன கிழமை நீ அதைச் சுழற்றிச் சுழற்றி விளையாடியதைக் கண்டவள் நான்.

“விருப்பமில்லாட்டி விடு. நீயே வைச்சிரு” என்றேன்.

“விசர்க் கதை கதையாத. கை கொஞ்சம் ஊதிக் கிடக்கு. நாளைக்குக் கழரும்.”

நான் வெறுங்கையோடு வண்டிலில் ஏறினேன். கோவிலில் பார்த்த பெண்களின் கையெல்லாம் காப்பாகத் தெரிந்தது. திரும்பி வந்த பிறகும் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ என் பின்னால் வந்து வந்து கதை கேட்டாய். பொங்கலுக்கு யார் வந்தது, வளந்துப் பானை எந்தப் பக்கம் பொங்கியது என்று கேட்டாய். “நீ வந்து பாத்திருக்கலாமே” என்றேன்.

அதற்குப் பிறகு உனக்குத் தலையிடி தொடங்கியது. வெயில் கொண்டுவிட்டது என்று மாமி மோர் தந்தா. ஒரு மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். நீ குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு, “கண்ணுக்கு முன்னால மின்னி மின்னிப் போகுதடி. நெஞ்சுக் குழிக்குள்ளயும் நோகுது” என்றாய். அடுத்த நிமிடம் விழுந்தாய். கை கால் இழுத்தது. கண் மேலே செருகியது. மாமி முனி அடித்துவிட்டது என்று கத்தினா. அத்தான் வயலால் ஓடி வந்து உன்னைத் தூக்கி வண்டிலில் கிடத்தினார். பரந்தன் ரோட்டுக்குப் போய் ஏதாவது லொறியை மறிக்கலாம் என்று போனோம். ரோட்டுக்கு வந்தபோது மறுபடி இழுத்தது. லொறி நின்றது. நீதான் நிற்கவில்லை, உன் வயிற்றில் இருந்த பிள்ளையும்.

உன்னைக் குளிப்பாட்டும்போதும் காப்பு கழலவில்லை. அது உன்னோடு போகட்டும் என்று அத்தான் சொன்னார். தங்கத்தை எரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் நின்றார்கள். கடைசியில் குறட்டால் வெட்டி எடுத்தார்கள். அப்போதுதான் உன் கையைச் சரியாகப் பார்த்தேன். காப்பு இருந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நீ நடிக்கவில்லை.

செத்தவீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. மாமி ஒப்பாரியோடு ஒப்பாரியாக எடுத்துவிட்டா: “வயிறெரிஞ்சவளை வீட்டுக்குள்ள வைச்சு வளத்தனே!” சனம் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தான் மட்டும், “சும்மா இருங்கோ அம்மா” என்றார். அது ஒன்றுதான் அவர் எனக்காக வாய் திறந்து சொன்னது. பொறாமைப்பட்டேனா என்று கேட்டால், ஓம், பட்டேன். உன்னைப் பார்த்துப் படாமல் யாரைப் பார்த்துப் படுவது? ஆனால் பொறாமை ஆளைக் கொல்லுமா? அந்தக் கேள்வி அன்று எனக்குள் இறங்கியது. பிறகு வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் என்னை அத்தானுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அக்காவின் இடத்துக்குத் தங்கை. வேறு யாரையும் விட அவள்தானே வீட்டு நடைமுறை தெரிந்தவள் என்றார்கள். தட்டார் காப்பை ஒட்டித் தந்தார். உள்பக்கம் ஒட்டின தழும்பு விரலுக்குத் தட்டுப்படும். ஆக, எல்லாம் எனக்குக் கிடைத்தது. உன் காணி, உன் பசு, உன் அலுமாரி, நீ வைத்த முருங்கை, உன் புருஷன். சனம் என் முகத்தில் சந்தோஷத்தைத் தேடித் தேடிப் பார்த்தது. நானும் தேடினேன்.

எனக்கும் தோடம்பழ இனிப்பு வந்தது. அதே சால்வைத் தலைப்பு, அதே குசினிப் படி. எனக்கென்று வாங்குகிறாரா, கால் பழகிய கடைக்குப் போய் வாங்குகிறாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. “இஞ்சாருங்கோ” என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் முயன்று பார்த்தேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு சாகும்வரை அத்தான்தான்.

சில வருடம் போய்த்தான் எனக்கு வயிற்றில் தங்கியது. மாமி மறுபடி உப்பும் மிளகாயும் எடுத்தா. இந்த முறை யாருடைய கண் என்று நினைக்கிறாய்? “செத்தவளின்ர கண்ணும் படாமல்” என்று சொல்லிச் சுற்றினா. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயாம்! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. மிளகாய்ப் புகைக்குள் இருந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தேன்.

ஆனால் நான் மாமியின் உப்பை நம்பி இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முகம் கழுவும்போது உன் காப்பைக் கழற்றிப் பார்த்து மறுபடி போடுவேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. மாதங்கள் போயின. அயலில் இருந்தவர்கள் வந்து, “இவளுக்கும் வன்னித் தண்ணி பிடிச்சிட்டுது” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன். அடுத்த நாள் காலை காப்பு பெருவிரல் மூட்டில் தடக்கியது. நான் எண்ணெய் எடுக்கப் போகவில்லை. தோல் உரிய உரிய இழுத்துக் கழற்றினேன். கழற்றிய காப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அத்தான் வரம்பில் நின்றார்.

“இறுகுது, அத்தான்” என்றேன்.

அவர் காப்பைப் பார்த்தார். மண்வெட்டியை அப்படியே தண்ணீருக்குள் போட்டுவிட்டு வந்தார். மாமி குறுக்கே நின்று, நாள் பார்த்துப் போகலாம் என்றா. அவர் காதில் விழுத்தவில்லை. யாரிடமோ உழவு மெசினை இரந்து வாங்கி, அதன் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி என்னை ஏற்றினார். வழி முழுக்க என் கையை விடவில்லை. அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. என் கையைத்தான் பிடித்திருந்தார். ஆனால் யாருடைய கையைப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சாவோ பிழைப்போ என்று போகிற நேரத்திலும் எனக்கு அந்த எரிச்சல் வந்தது என்றால் பார்த்துக்கொள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையில் பட்டி சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். நான் பெய்து கொடுத்த சலத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுட வைத்தார்கள். அது வெந்த முட்டை வெள்ளை போலத் திரண்டது. இருட்டு அறையில் சத்தம் இல்லாமல் படுக்க வைத்து, உப்பில்லாத சோறு தந்தார்கள். பிறகு காலத்துக்கு முன்பே நோவு வரப்பண்ணி மகளை எடுத்தார்கள். ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. மருத்துவிச்சி நச்சுக்கொடியைத் தட்டத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, “கொடி நல்லாயில்லை. சின்னன், அங்கங்க வெள்ளையாக் கட்டி பத்திக் கிடக்கு. இதில பிள்ளை இவ்வளவு நாள் தங்கினதே பெரிய காரியம்” என்றா. டொக்டரிடம் இது ஏன் வருகிறது என்று கேட்டேன். இரத்தத்தில் ஏதோ நஞ்சு சேருகிறது, எங்கிருந்து சேருகிறது என்று இன்னும் சரியாகத் தெரியாது என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

எங்கிருந்து என்று தெரியாது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மாமி சொன்னதற்கு மறுப்பு ஒருவரிடமும் இல்லை. அத்தோடு வேறு பிள்ளையும் எனக்குத் தங்கவில்லை. மகள் வளர வளர, “அப்பிடியே பெரியம்மாவின்ர முகம்” என்றார்கள். பெற்றவள் நான், முகம் உன்னுடையது.

இப்போது பேத்தி. அவளுக்கு வயிற்றில் தங்கியது தெரிந்ததும் காப்பை அவள் கையில் போட்டு, நாள் தவறாமல் கழற்றிப் பார் என்றேன். பிறசர் பார்க்கிற மெசினே வீட்டில் இருக்கிறது அம்மம்மா என்று சிரித்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள். போட்டவள் கழற்றிப் பார்க்கவில்லை. அது வேறு கதை.

தியேட்டருக்குக் கொண்டு போகமுன் டொக்டர்ப் பிள்ளை விறாந்தைக்கு வந்தாள். பேத்தியின் வயதுதான் இருக்கும். காப்புக் கதையைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். “உங்களுக்கு அது உதவியிருக்கு. ஆனா வீக்கத்தை மட்டும் நம்பேலாது, அம்மம்மா. கனபேருக்கு ஒரு வருத்தமும் இல்லாமல் கை கால் வீங்கும். சில பேருக்கு வீக்கமே இல்லாமல் பிறசர் ஏறும். அளந்து பாக்கத்தான் வேணும்” என்றாள். எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இப்பவாவது தெரியுமா, ஏன் வருகிறது என்று?

அவள் பக்கத்தில் இருந்துகொண்டாள். “முழுக்கத் தெரியாது. கொஞ்சம் தெரியும். கொடி கர்ப்பப்பையில பிடிக்கிற நேரம், அது உள்ளுக்கு வேர் விட்டுத் தாயின்ர இரத்தக் குழாய்களைப் பெருப்பிக்க வேணும். முதல் மாதங்களில நடக்கிற வேலை அது. சிலபேருக்கு அது சரியா நடக்காது. குழாய் ஒடுக்கமாவே இருந்திடும். பிள்ளை வளர வளரக் கொடிக்கு இரத்தம் காணாது. இரத்தம் காணாத கொடி, தாயின்ர இரத்தத்துக்குள்ள சில பொருட்களை விடும். அது உடம்பு முழுக்க இருக்கிற குழாய்களைப் பழுதாக்கும். அதாலதான் பிறசர், வீக்கம், வலிப்பு எல்லாம்.”

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. வாய்க்கால் விதைப்புக்கு முன்பே வெட்டி அகலப்படுத்தாவிட்டால், பயிர் கதிர்க் குடலை தள்ளுகிற நேரத்தில் கடைசிக் காணிக்குத் தண்ணீர் போகாது. காய்கிற காணிக்காரன் சும்மா இருக்கமாட்டான். போய் மேலே குளத்துத் துருசுக் கதவைத் திறக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பான். கூடுதலாகத் தண்ணீர் வந்து முட்டும், ஒடுங்கிய வாய்க்கால் தாங்காது, வரம்புகள் உடையும். இதைச் சொன்னேன். “அப்பிடித்தான் எண்டு வையுங்கோவன்” என்றாள்.

“முதல் மாதங்களிலயோ?” என்று மறுபடி கேட்டேன்.

“ஓம். வெளியில தெரிய வாறதுதான் கடைசி மாதங்களில.”

முதல் மாதங்களில் நான் எங்கே இருந்தேன், அக்கா? ஆனையிறவுக்கு அங்கால், எங்கள் ஊர் மிளகாய்த் தோட்டத்தில். உனக்கு வயிற்றில் இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. நான் வண்டிலால் இறங்கி உன் கன்னத்தைப் பார்த்து எரிந்தபோது, உன்னைக் கொன்றது உனக்குள் நடந்து முடிந்திருந்தது. என் கண்ணுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. விறாந்தையில் எல்லாரும் பார்க்க அழுதேன். ஆறுதலில்தான் அழுதேன். ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. உன் சாவில் எனக்குத்தான் முதல் பங்கு என்று இவ்வளவு காலம் சுமந்தேன். அதிலும் எனக்கு இடம் இல்லை.

டொக்டர்ப் பிள்ளை என் கண்ணைப் பார்த்துவிட்டு, சகோதரிகளுக்குள் இது வருவதுண்டு என்றாள். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரக்கூடும் என்றாள். பிறகு, ஏதோ சின்ன விஷயம் போல, “தகப்பன் பக்கத்துப் பங்கும் இருக்கு” என்றாள்.

“அதெப்பிடி? வயிறு எங்கடதானே?”

“வயிறு உங்கட. கொடி பிள்ளையின்ர. பிள்ளையில பாதி தகப்பன் எல்லே? ஒரு மனுசிக்கு இப்பிடி வந்தால், அந்த ஆளின்ர மற்ற மனுசிக்கும் வாறதுக்கு இடம் அதிகம்.”

அவள் எழும்பிப் போய்விட்டாள். நான் கதிரையிலேயே இருந்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. அத்தான் உனக்குத் தந்ததில் மிச்சம்தான் எனக்கு என்று ஒரு ஆயுள் முழுக்க அளந்துகொண்டே இருந்தேன். இனிப்பை அளந்தேன், கண்ணீரை அளந்தேன், உழவு மெசினில் பிடித்த கையை அளந்தேன். ஒன்றிலும் எனக்குச் சரிபாதி கிடைக்கவில்லை. அந்த நல்ல மனுஷன் தனக்கே தெரியாமல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தந்தது இந்த ஒன்றுதான். அதை நீ தாங்கவில்லை. நான் தாங்கினேன். அவரிடம் இதைச் சொல்ல அவர் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். குறைமாதம்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அழுகிற சத்தம் வாட்டின் மற்றப் பக்கத்துக்குக் கேட்கிறது. பேத்திக்குப் பிறசர் இறங்கி வருகிறது. பிள்ளை பிறந்த பிறகும் கொஞ்சக் காலம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

காப்பை வெட்டித்தான் எடுத்தார்கள். பழைய ஒட்டில் அது விடவில்லை. வேறு இடத்தில் வெட்டினார்கள். மருமகன் கொண்டுபோய் ஒட்டுவித்து வந்தார். இப்போது அதில் இரண்டு தழும்பு. ஒன்று உன்னுடையது, ஒன்று அவளுடையது. தோல் உரிய இழுத்துக் கழற்றிய எனக்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை. என்னுடைய அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

பேத்தி அதைத் திருப்பி என் கையில் போட்டுவிட்டாள். எனக்கு இப்போது எலும்பும் தோலும்தான். காப்பு கையில் நிற்கிறதில்லை. கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது, தொங்கவிட்டால் விரலால் நழுவப் பார்க்கிறது. உன் கைக்கு அளவெடுத்தது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறது.

இருக்கட்டும். விரலை மடக்கி வைத்திருக்கிறேன். அன்றைக்குப் போல எண்ணெயோ சவர்க்காரமோ தேவையில்லை, ஒரு உதறலில் வந்துவிடும். ஆனாலும் நீ வந்து கேட்டால் கழற்றித் தரமாட்டேன், அக்கா. வந்து கேட்டுப் பார்.